ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. காற்புள்ளி இல்லாமல் எழுதினால் 293318625600. பன்னிரண்டு இலக்க எண். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் 240940299600-க்கு அடுத்ததாக 321253732800 நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வந்திருக்க வேண்டியது நம் எண். வரவில்லை.

ராமானுஜனைப் பற்றிப் பேச்செடுத்தால் தமிழில் நாம் பெரும்பாலும் 1729-உடன் நின்றுவிடுகிறோம். டாக்சி எண் கதை அழகானதுதான். எண்களோடு அவருக்கு இருந்த நெருக்கத்தை அது காட்டுகிறது. ஆனால் அவர் உட்கார்ந்து என்ன வேலை செய்தார், எவ்வளவு வேலை செய்தார் என்பதை அது காட்டாது. விடுபட்ட இந்த எண் காட்டும். சில நாட்களாக இதைக் காகிதத்தில் பிரித்தும் சேர்த்தும் பார்த்துவருகிறேன். பார்க்கப் பார்க்க, அந்தப் பட்டியலின் மேல் மரியாதைதான் கூடுகிறது.

பள்ளிக்கூடத்தில் செய்ததைப் போலவே முதலில் பகாக் காரணிகளாகப் பிரிப்போம்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

2 முதல் 19 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. சிறியவை பலமுறை வருகின்றன, பெரியவை ஒருமுறைதான். முதல் நான்கு உறுப்புகளின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2. எல்லாம் இரட்டை. அதனால் அந்தப் பகுதி முழுவதும் ஒரு வர்க்கம்; 2³ × 3² × 5 × 7 என்பதன் வர்க்கம். அந்தப் பெருக்கலின் விடை 2520. 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். ஆக நம் எண், 2520-இன் வர்க்கத்தை 11, 13, 17, 19 ஆகிய நான்கால் பெருக்கினால் வருவது. இப்படிப் பார்த்ததும் பன்னிரண்டு இலக்கங்களின் பயம் போய்விடுகிறது. மனப்பாடம்கூடச் செய்துவிடலாம்.

இது 1 முதல் 22 வரை ஒவ்வொரு எண்ணாலும் மீதியின்றி வகுபடும். 23-இல் முதல்முறையாகத் தடுக்கும். 24, 25, 26, 27, 28 எல்லாம் மறுபடி வகுக்கும், 29 வகுக்காது. அந்த 23 பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும்.

மொத்தம் எத்தனை காரணிகள்? ஒரு காரணியை அமைக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம், ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மீதி நான்கு பகா எண்களுக்கு இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

இது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஓர் ஒப்பீடு. 1 முதல் நம் எண் வரை உள்ள அத்தனை எண்களின் காரணிகளையும் எண்ணிச் சராசரி எடுத்தால் சுமார் இருபத்தாறரைதான் வரும். சராசரி அந்த எண்ணின் இயல் மடக்கையை ஒட்டியே நகரும் என்று ஜெர்மானியக் கணிதர் டிரிஷ்லே 1849-இல் நிறுவினார். மடக்கை மிக மெதுவாக வளர்வது. இருபத்தாறரை சராசரியாக உள்ள கூட்டத்தில் ஒருவர் மட்டும் 5040 வைத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நிற்கும் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கோடி எண்களில் எதற்கும் அத்தனை காரணிகள் இல்லை. தனக்குச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் இப்படிப்பட்ட எண்ணுக்குத்தான் ராமானுஜன் தனிப்பெயர் வைத்து ஆராய்ந்தார். தமிழில் மிகு பகு எண் என்று சொல்லலாம். பகா எண் எப்படிப் பகுபட மறுக்கிறதோ, அதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது இது.

பங்கு பிரிக்கும் தேவை இருக்கும் பல இடங்களில் மனிதர்கள் இந்த வகை எண்களைத் தொட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை என்று வைத்தார்களே, அந்த 60-க்குப் பன்னிரண்டு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. மிகு பகு எண் அது. மாறாக, நம் பழைய பின்ன வாய்ப்பாட்டின் முந்திரி 320-இல் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5. அதற்குள் 3 கிடையாது. பாதி பாதியாகவும் ஐந்து ஐந்தாகவும் போகும் கணக்குக்கு அது போதும். மூன்று பேர் பங்குக்கு ஒத்துவராது. 320-க்குப் பதினான்கு காரணிகள், அதைவிடச் சிறிய 240-க்கு இருபது. ‘சட்டங்கள்’ என்ற நூலில் பிளேட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வகுத்ததும் பங்கீட்டு வசதிக்காகத்தான். 11 தவிர 12 வரை எல்லாவற்றாலும் 5040 வகுபடுகிறது. இரண்டு குடும்பங்களைக் குறைத்தால் 11-ஆலும் வகுபடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவர் தேர்ந்த அந்த 5040-உம் மிகு பகு எண்ணே. நம் எண்ணின் காரணி எண்ணிக்கையும் அதே 5040 என்பது தற்செயல்.

ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே அறுபது பக்கங்களைத் தாண்டிய இந்தக் கட்டுரை வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் கொடுத்தது இதற்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. சமனின்மைகளைக் கையாள்வதில் அவருக்கிருந்த வல்லமைக்கு இக்கட்டுரையே சான்று என்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி கருதினார். படித்துப் பார்த்தால் அது புரியும். ஊகத்தில் பிறந்த சூத்திரங்களை அடுக்கும் ராமானுஜன் அல்ல இவர். பொறுமையாக, ஒரு நிறுவலின் மேல் இன்னொன்றாகக் கட்டிக்கொண்டு போகிறார்.

முதல் அடி எளிது. மிகு பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கைவிடக் குறையவே முடியாது. ஓர் எண்ணில் 2-இன் அடுக்கு 3, 3-இன் அடுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். அப்போது பழைய எண் மிகு பகு எண்ணாக இருக்க முடியாது. ஆகவே அடுக்குகள் படிக்கட்டுப் போல இறங்கியே வரும். நம் எண்ணில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கடைசிப் படி எப்போதும் 1. விதிவிலக்கு இரண்டே எண்கள், 4-உம் 36-உம். இதையும் ராமானுஜன் நிறுவினார்.

ஆனால் படிக்கட்டு இறங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பகா எண்ணையும் செலவு, வரவு என்று பார்க்க வேண்டும். புதிதாக 23-ஐச் சேர்த்தால் எண் 23 மடங்காகிறது. காரணிகள் இரண்டு மடங்காகின்றன. செலவு 23, வரவு 2. அதே அளவுச் செலவை வேறு வழியில் செய்தால் இதைவிட வரவு வருமா? பட்டியல் முழுவதும் இந்தப் பேரம்தான்.

பேரத்தின் உச்சத்தில் நிற்கும் சில எண்களை ராமானுஜன் தனியே பிரித்தார்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440 என்று போகும் வரிசை. மேம்பட்ட மிகு பகு எண்கள் எனலாம். காரணி எண்ணிக்கையை எண்ணின் தக்க ஓர் அடுக்கால் வகுத்தால் வரும் விகிதத்தில் இவற்றை எந்த எண்ணாலும் மிஞ்ச முடியாது. மேலே உள்ள வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதை ஒரு பகா எண்ணால் பெருக்கியதாகவே இருப்பதைக் கவனியுங்கள். இவற்றைச் சூத்திரமே கொடுத்துவிடும், தேட வேண்டாம். இவற்றுக்கு நடுவில் கிடக்கும் சாதாரண மிகு பகு எண்களைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படி அடுத்தடுத்து வரும் இரண்டு மேம்பட்ட எண்கள் 13967553600-உம் 321253732800-உம். முதலாவதை 23-ஆல் பெருக்கினால் இரண்டாவது. காரணிகள் 2688-இலிருந்து இரு மடங்காகி 5376. நம் எண் இந்த இரண்டாவது எண்ணின் வாசலில் நிற்கிறது.

எப்படி? அதே 13967553600-ஐ 23-ஆல் பெருக்காமல் 21-ஆல் பெருக்கிப் பாருங்கள். 293318625600 வருகிறது. 21 என்பது 3 × 7. 13967553600-இல் 3-இன் அடுக்கு 3, 7-இன் அடுக்கு 1. இரண்டையும் ஒன்று கூட்டினால் காரணிகள் 5/4 மடங்கும் 3/2 மடங்கும் பெருகும். சேர்த்து 15/8 மடங்கு. 2688-இன் 15/8 மடங்கு 5040. அதாவது 23 கொடுத்து இரண்டு மடங்கு வாங்குவதற்குப் பதில், 21 கொடுத்து ஒன்றே முக்காலும் அரைக்காலும் மடங்கு வாங்கியிருக்கிறது. வரவு கொஞ்சம் குறைவு. ஆனால் செலவும் குறைவு என்பதால் 23-ஐ உடைய எண்ணுக்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் எண்ணை 28-ஆல் வகுத்து 23-ஆல் பெருக்கினால் 240940299600. பட்டியலில் நமக்கு முந்தைய எண் அதுதான், காரணிகள் 4800. ஆக 28-ஐக் கொடுத்து 23-ஐ வாங்கினால் முந்தைய சாதனை, 21-ஐக் கொடுத்து 23-ஐ வாங்கினால் அடுத்த சாதனை. 21-க்கும் 28-க்கும் இடையில் 23 அமர்ந்திருப்பதால்தான் இந்த எண்ணுக்கு இடமே கிடைத்தது. இதை முதலில் கண்டபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

இனி அந்த இடத்தின் தோற்றத்தைக் கவனிப்போம். பட்டியலில் 146659312800 வரும்; அதில் 23 இல்லை. அடுத்து 160626866400, 23 வந்துவிட்டது. பிறகு 240940299600, 321253732800, 481880599200 என்று அச்சான பட்டியல் போகிறது, எல்லாவற்றிலும் 23. மேலே இருந்து கீழே வாசித்துக்கொண்டு வருபவருக்கு 23 உறுதியாகக் குடியேறிவிட்டது போலத்தான் தெரியும். உண்மையில் நடுவில் ஒருமுறை 23 விலகி 7² அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 19-உடன் முடியும் எண்களில் பட்டியலில் இடம்பெறத் தகுந்த கடைசி எண் இதுவே. இதன் பிறகு பட்டியலின் இறுதிவரை வரும் ஒவ்வொரு எண்ணிலும் 23 உண்டு.

இடைவெளியை வைத்தாவது சந்தேகம் வந்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. 160626866400-இலிருந்து 240940299600-க்கு ஒன்றரை மடங்கு. 321253732800-இலிருந்து 481880599200-க்கும் ஒன்றரை மடங்கு. விடுபட்ட இடத்தில் இருக்கும் தாவல் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். இரு பக்கத்துத் தாவல்களையும்விடச் சிறியது. கிழிந்த இடம் தெரியாமல் சேர்ந்துகொண்ட துணி மாதிரி அந்த இடம் இருக்கிறது.

மனதை உறுத்துவது வேறொன்று. நம் எண்ணின் பாதி 146659312800. மூன்றில் ஒரு பங்கு 97772875200. கால் பங்கு 73329656400. ஆறில் ஒரு பங்கு 48886437600. ஏழில் ஒரு பங்கு 41902660800. இந்த ஐந்தும் மிகு பகு எண்கள். இவற்றைக் கையால் கண்டுபிடித்து வரிசையாக எழுதியவர், இவற்றுக்கெல்லாம் மூலமான முழு எண்ணைத் தவறவிட்டிருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலத்தில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜில், ஆறு லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடி வரைக்கும் தேடி, 102-ஐச் சரியாகப் பிடித்து ஒன்றை விட்ட பட்டியல் இது. அந்த ஒன்று விடுபட்டதால் அவருடைய தேற்றம் எதுவும் ஆட்டம் காணவில்லை. நிறுவல்கள் பட்டியலைச் சார்ந்து நிற்கவில்லை.

அந்தத் தேற்றங்களில் ஒன்று இந்த இடைவெளிகளைப் பற்றியதே. எண்கள் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த மிகு பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்கும் என்று ராமானுஜன் நிறுவினார். ஒன்றரை மடங்குத் தாவல்கள் மெல்ல மறைந்து, எண்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். நம் எண்ணுக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள விகிதம் 23/21. அந்த நெருக்கத்தின் ஓர் ஆரம்ப அடையாளமாக அதைப் பார்க்கலாம். 1944-இல் பால் எர்டிஷ் இதைக் கூர்மையாக்கி, ஓர் எல்லைக்குள் குறைந்தது எத்தனை மிகு பகு எண்கள் இருக்கும் என்று கணித்தார். மேல் வரம்பை ழான்-லூயி நிக்கோலா 1971-இல் கண்டார்.

பட்டியலைப் போலவே ராமானுஜனின் கட்டுரையும் முழுதாக வெளிவரவில்லை. கணிதக் கழகம் அப்போது பணமுடையில் இருந்ததால் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுபோனது. அந்தக் கையெழுத்துப் படி, தொலைந்த குறிப்பேடு என்று அறியப்படும் தாள்களோடு 1988-இல் வெளியானது. நிக்கோலாவும் கீ ரோபேனும் குறிப்புகள் எழுதிச் சேர்க்க, ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய கணித இதழின் முதல் தொகுதியில் 1997-இல் வந்தது. முறையாக அச்சேற எண்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள் அவை.

அந்தப் பக்கங்களில் காரணிகளின் எண்ணிக்கையோடு காரணிகளின் கூட்டுத்தொகையையும் அவர் ஆராய்ந்தார். பகா எண்களைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்பது அவர் முடிவு. அச்சேறாத அந்தப் பகுதி வெளிவருவதற்கு முன்பே, அதே வரம்பை வேறு திசையிலிருந்து அணுகிய ரோபேன், 1984-இல் வியப்பான ஒன்றை நிறுவினார்: ரீமான் கருதுகோள் உண்மை என்பதும், 5040-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் அந்த வரம்பைத் தாண்டாது என்பதும் ஒரே செய்தி. 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19344; அதற்கான வரம்பு ஏறத்தாழ 19237. தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை தாண்டிய எண் ஒன்றும் அகப்படவில்லை. பிளேட்டோவின் குடும்ப எண்ணிக்கை, கணிதத்தின் பெரிய தீராத கேள்வியின் எல்லைக்கல்லாக நிற்கிறது. வகுக்க வசதியான எண் எது என்ற சந்தைக் கணக்கிலிருந்து பகா எண்களின் ஆழமான ரகசியம் வரைக்கும் ஒரே பாதை போகிறது என்பதை ராமானுஜன் 1915-லேயே நடந்து பார்த்திருந்தார். நடந்த தூரம் அச்சில் வராமல் போனதுதான் நம் நட்டம்.

பட்டியலுக்குத் திரும்புகிறேன். அதன் கடைசி எண் 6746328388800. காரணிகள் 10080. அதையும் பகாக் காரணிகளாகப் பிரித்தேன்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

23-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது 293318625600. கடைசி வரியின் 10080 காரணிகளில் 23 கலவாதவை 5040. அவை அத்தனையும் விடுபட்ட எண்ணின் காரணிகள். மற்ற 5040-உம் இவற்றையே 23-ஆல் பெருக்கியவை. ராமானுஜன் அந்தக் கடைசி வரியை எழுதியபோது, விட்டுப்போன எண்ணை அதன் எல்லாக் காரணிகளோடும் சேர்த்தே எழுதியிருந்தார்.